கீழ்வீட்டுச் சட்னி

மார்ச் 4, செவ்வாய்

அன்னாசியை இனிமேல் சதுரமாக நறுக்குவதில்லை, நீளவாக்கில்தான் நறுக்குவது என்று இன்று முடிவெடுத்தேன். காலை உணவின்போது முறைப்படி அறிவித்தேன். மனைவி நிமிராமலே, "சரி, முதல்ல அந்த ரொட்டியச் சாப்பிடுங்க" என்றாள். மகள் காதில் எதையோ செருகியிருந்தாள். ஆட்சேபணை எழாததால் முடிவு ஏகமனதாக நிறைவேறியது.

எட்டு வருடம் சதுரத்திலேயே ஓடிவிட்டது. சதுரத் துண்டு அடுப்பில் குழைந்து கூழாகிவிடுகிறது. நீளத் துண்டு நாரோடு நிற்கும், கடித்தால் கடிபடும். மற்ற வருடங்களில் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். இந்த வருடம் அப்படி இருக்க முடியாது. மகளுக்கு மே மாதம் பயணம்; கடல் தாண்டி வேலை. "பெட்டியில ஒரே ஒரு சட்னி பாட்டிலுக்குத்தான்பா இடம் இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

எந்த பாட்டில் என்ற கேள்வி ஜனவரி வரை எழுந்ததே இல்லை. இந்தக் கட்டடத்தின் இரண்டு மாடியிலும் பழச் சட்னி என்றால் என் சட்னிதான். ஜனவரியில் கீழ்வீட்டுச் சகலை தன் பல் கிளினிக்கை மூடினார். மூடியவர் சும்மா இருந்திருக்கலாம்.

இவர் என் மனைவியின் தங்கை கணவர். உறவில் எனக்கு இளையவர், வயதில் மூத்தவர். யார் யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது என்ற சிக்கலைக் கல்யாணமான நாளிலிருந்து 'சகலை' என்ற ஒரே சொல்லை வைத்து இருவரும் சமாளித்து வருகிறோம். சர்க்கரை சாப்பிடாதே, பல் போய்விடும் என்று ஊரையே மிரட்டிச் சம்பாதித்த மனிதர். அவர் இப்போது சட்னி செய்யப் போகிறாராம். ஒரு கிலோ பழத்துக்கு அரைக் கிலோ சர்க்கரை. மனசாட்சிக்கும் ஓய்வு வயது உண்டு போலிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

சகலை மாலையில் மேலே வந்தார். புது ஏப்ரன் கட்டியிருந்தார். செய்முறை கேட்க வருவதற்கு ஏப்ரன் எதற்கு?

"சகலை, எதையும் ஒளிக்காம சொல்லணும்."

"ஒளிச்சு வைக்க இதென்ன புதையலா?" என்றேன். ஒளிக்கலாம் என்றுதான் இருந்தேன். மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அன்னாசி இரண்டு பங்கு, செங்காய் மாங்காய் ஒரு பங்கு. வினிகர், சர்க்கரை, இஞ்சி, உலர்ந்த திராட்சை, காய்ந்த மிளகாய். பட்டை, கிராம்பு, மிளகைச் சிறு துணியில் முடிச்சாகக் கட்டிப் போட்டு, இறக்கும்போது மறக்காமல் எடுத்துவிட வேண்டும். (எங்கள் வீட்டில் என் பழைய சட்டைகள் இந்தப் பணியில்தான் கடைசிக் காலத்தைக் கழிக்கின்றன.) சூடாகவே ஜாடியில் அடைத்து ஒன்றரை மாதம் திறக்காமல் வைக்க வேண்டும். அதுவரை வினிகர் தொண்டையைப் பிடிக்கும். பிறகுதான் அடங்கும்.

"இந்த முடிச்செல்லாம் எனக்குச் சரிப்படாது. பொடியாவே போடலாமா?"

"போடலாமே."

"கிராம்புப் பொடி எவ்வளவு?"

அளவு எனக்குத் தெரியும். கால் டீஸ்பூன். அதற்கு மேல் ஒரு சிட்டிகை போனாலும் கதை முடிந்தது. நான் சொன்னது இது: "கிராம்பு விஷயத்துல பல் டாக்டருக்கே நான் பாடம் எடுக்கணுமா? உங்க கைக்குத் தெரியாததா, சகலை?"

அவர் தன் கையை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பெருமையில்தான் இருக்கும். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பொய் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. இதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

மார்ச் 8, சனி

பழக்கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். "லேட்டா வந்துட்டீங்களே சார். டாக்டர் கடை தெறக்கறப்பவே வந்து நல்லதெல்லாம் பொறுக்கிட்டாரு. ஒண்ணொண்ணா மோந்து, அடியில தட்டி... அன்னாசிய வாயைத் தொறக்கச் சொல்லாததுதான் பாக்கி."

மிச்சம் இருந்ததை வாங்கினேன். "புளிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும். பரவால்ல, சட்னிக்குத்தானே?" என்றார்.

சட்னிக்குத்தானே! இந்த ஊரில் கலை வளராததற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

திரும்பும்போது சகலை வீட்டு ஜன்னலில் இரண்டு கண்ணாடி ஜாடிகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அகல வாய், பச்சை மூடி. என் ஜாடிகளேதான். கடையைக்கூட விசாரித்திருக்கிறார்.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டு வீட்டிலும் இன்றே அடுப்பு ஏறியது. நான் காலையிலேயே தொடங்கினேன். அன்னாசி, முடிவின்படி, நீளவாக்கில். வாணலி கொதி வந்தபோது கீழேயிருந்தும் வாசனை வர ஆரம்பித்தது. பால்கனிக்குப் போய் மோந்து பார்த்தேன். இஞ்சி நன்றாக வதங்கியிருந்தது. எரிச்சலாக இருந்தது. திரும்பி வந்து கிளறினேன். மறுபடியும் போனேன். இப்போது மிளகாய்.

"அடி பிடிக்கப் போவுது. அங்க என்ன பண்றீங்க?" என்றாள் இவள்.

"காத்து வாங்குறேன்."

"கீழ் வீட்டுக் காத்தா?"

இறக்குகிற நேரத்தில் கீழேயிருந்து குப்பென்று கிராம்பு நெடி. எனக்குள் ஒரு அமைதி பரவியது. பால்கனியிலேயே கொஞ்ச நேரம் நின்று அதை அனுபவித்தேன். பிறகு ஓடிவந்து அவசர அவசரமாக இரண்டு ஜாடியிலும் நிரப்பி மூடினேன்.

மார்ச் 13, வியாழன்

ஒன்றரை மாதம் திறக்கக் கூடாது என்ற விதியை வகுத்தவன் நான். ஆகவே அதை மீறும் உரிமையும் எனக்கு உண்டு என்று கருதி, இன்று ஒரு ஜாடியைத் திறந்தேன்.

நாசம். வினிகர் கண்ணில் நீர் வரவழைக்கிறது. மசாலா முரட்டுத்தனமாக முன்னால் வந்து நிற்கிறது. நீளத் துண்டு வாயில் நெளிகிறது. மகள் இதைத் தொட மாட்டாள். கீழே அவர் என்ன வைத்திருக்கிறாரோ!

"ரெண்டையும் கொட்டிடு" என்றேன்.

"கொட்டுறதா? ஊற வைக்கணும், ஊற வைக்கணும்னு ஊர் பூரா சொல்றது யாரு?"

"இது வேற."

"எப்படி வேற?"

"அது... வேறன்னா வேறதான்!"

இவள் ஜாடியை இறுக மூடினாள். சாயங்காலம் கீழேயிருந்து இவள் தங்கை வந்தாள். அடுக்களையில் இருவரும் வெகுநேரம் குசுகுசுவென்று பேசினார்கள். என்னைப் பார்த்ததும் விலைவாசிக்குத் தாவினார்கள். தங்கை ஒரு பெரிய துணிப்பையோடு கீழே இறங்கினாள். காலி பாட்டில்களாம்.

மார்ச் 16, ஞாயிறு

புதிதாகச் செய்தேன். நல்ல பழம், கூடுதல் சர்க்கரை, வினிகர் பாதி. சதுரத் துண்டு. மார்ச் 4-ஆம் தேதி முடிவு ரத்தாகிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

கீழே விருந்து. மகள் ஊருக்குப் போவதற்காகச் சகலை வைத்தது. வறுத்த கோழி, உருளைக்கிழங்கு, ரொட்டி. நான் என் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனேன். அழைப்பில் அது இல்லை, ஆனாலும்.

சகலை அலமாரியிலிருந்து தன் ஜாடியைக் கொண்டுவந்தார். மூடி திறந்ததும் வாசனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தேன்.

நன்றாக இருந்தது. நாட்குறிப்பில்கூட எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது? மிக நன்றாக இருந்தது. முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது கிராம்பும் மிளகும் பின்வாசல் வழியாக வந்தன. யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவருக்கு இதை? அன்னாசி — நீளத் துண்டு! என் வீட்டு மேசையில் எடுத்த முடிவு கீழ்வீடு வரை கசிந்திருக்கிறது. இவளைப் பார்த்தேன். இவள் கோழியைப் பார்த்தாள்.

"நீளமா நறுக்கியிருக்கீங்க போல" என்றேன்.

சகலை உற்றுப் பார்த்தார். "சதுரமா நறுக்கினதாத்தான் ஞாபகம். ஊறி நீண்டிருக்கும்."

ஊறி நீளுமாம்! பல் மருத்துவத்தில் இப்படி ஒரு பாடம் இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன்.

பரிமாறும்போது கரண்டியால் ஜாடி விளிம்பில் டிக் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தார். எல்லோரும் தன்னைப் பார்க்க வேண்டுமாம். வேஷம்.

"எப்படி இருக்கு சகலை? ஒண்ணுமே சொல்லலையே" என்றார்.

மேசை முழுக்க என்னையே பார்த்தது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா செஞ்சவருக்குப் பொறுமை பத்தல. வினிகர் கொஞ்சம் துருத்திக்கிட்டு நிக்குது. அனுபவம் இல்லாதவங்க செஞ்சா அப்படித்தான். போகப் போகச் சரியாயிடும்" என்றேன்.

மனைவியின் தங்கைக்குப் புரையேறியது. இவள் அவள் முதுகில் தட்டினாள். தட்டும்போது இவளுக்கும் தோள் குலுங்கியது.

மகள் மூன்றாவது முறையாகப் போட்டுக்கொண்டாள். "கோச்சுக்காதீங்கப்பா. எனக்குச் சித்தப்பாவோடதுதான் வேணும். இதைத்தான் கொண்டுபோகப் போறேன்."

"எனக்கென்ன கோவம்? தாராளமா கொண்டுபோ" என்றேன். சிரித்தேன்கூட.

ஏப்ரல் 28, திங்கள்

என் பாட்டிலை நேற்று யாரும் திறக்கவே இல்லை. இன்று நானே திறந்து சாப்பிட்டேன். ஜாம்.

ஏப்ரல் 30, புதன்

அச்சகத்திலிருந்து வந்த பாடப் புத்தக மெய்ப்பு மேசையில் கிடக்கிறது. பக்கத்துக்கு இரண்டு பிழை என் கண்ணில் படாமல் போகிறது. முப்பது வருடத் தொழிலில் இப்படி ஆனதில்லை. காதில் டிக் டிக் டிக்.

இவளிடம் கேட்டேன்: "உண்மையச் சொல்லு. அவரோடதா, என்னோடதா?"

"ரெண்டும் உங்களோடதுன்னே வச்சுக்கங்களேன்" என்றாள்.

பெண்கள் இப்படித்தான் பேச்சை மழுப்புவார்கள்.

மகள் இன்று படியில் நின்று கீழே பார்த்து, "சித்தப்பா, உங்களுக்குக் கை ராசி!" என்று கத்துகிறாள். கை ராசி! எட்டு வருஷம் கிளறினேனே, ஒரு தடவை சொன்னாளா இவ? எந்தக் கையால சோறு ஊட்டினேன் இவளுக்கு?

சரி. போதும். வேலையைப் பார்ப்போம்.

மே 4, ஞாயிறு

ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் கீழே போனேன். சகலை நடைக்குக் கிளம்பியதைப் பால்கனியிலிருந்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் போனேன்.

"வாங்க அத்தான். அவரு இல்லையே" என்றாள் மைத்துனி.

"அப்படியா, தெரியாதே."

அந்தச் சட்னியை இன்னொரு முறை ருசி பார்க்க வேண்டும் என்றேன். நிதானமாக ஒரு முடிவுக்கு வருவதற்காக என்றேன். அவள் தயங்கினாள், பிறகு ஜாடியை எடுத்து வைத்தாள். அடியில்தான் கொஞ்சம் இருந்தது. அவள் ரொட்டி எடுக்க உள்ளே போன நேரத்தில் கரண்டியை விட்டேன். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. தூக்கினேன்.

எலுமிச்சம்பழ அளவில் ஒரு துணி முடிச்சு. வெள்ளையில் நீலக் கோடு. மெய்ப்புக் கட்டுகளைச் சுற்றி வரும் சிவப்பு நூலால் கட்டியது.

அந்தச் சட்டையில் எனக்குப் பதவி உயர்வு வந்தது.

மைத்துனி ரொட்டித் தட்டோடு வந்து அப்படியே நின்றாள். "அத்தான்..." என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"அக்காதான் குடுத்தா. நீங்கதானே கொட்டச் சொன்னீங்க? அன்னிக்கு இவரு கிராம்புப் பொடி போடறப்போ கை நடுங்கி டப்பாவே உள்ள கவுந்துடுச்சு அத்தான். 'கைக்குத் தெரியும்னு சகலை சொன்னாரு, சகலை சொன்னாரு'ன்னு சொல்லிக்கிட்டேதான் போட்டாரு. வீடு பூரா கிளினிக் வாசனை. அப்படியே ஜாடியில அடைச்சு அலமாரியில வச்சுட்டு, 'ஊறினா சரியாயிடும்ல'ன்னு என்னைக் கேக்கறாரு. நான் என்னன்னு சொல்ல? அதைக் கொட்டிட்டு உங்களோடத ஊத்தி வச்சேன்."

"கை நடுங்கறதா? எந்தக் கை?"

"உங்களுக்குத் தெரியாதா? அதனாலதானே கிளினிக்கை மூடினாரு. ஒருத்தர் வாயில ஊசி வச்சிருக்கறப்போ நடுங்கிடுச்சு. ஒண்ணும் ஆகல. ஆனா அன்னிக்கே போர்டைக் கழட்டிட்டாரு. அப்புறம் என்கிட்டகூட சரியாப் பேசல. விருந்து முடிஞ்ச மறுநாள்தான் பழையபடி விசிலடிச்சுக்கிட்டே ஷேவ் பண்ணாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லிடாதீங்க அத்தான்."

முடிச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே வந்தேன். ரொட்டி சாப்பிடவில்லை.

மே 5, திங்கள்

உலகத்தில் பொறாமைப்பட்டவர்கள் எத்தனையோ பேர். ராஜ்யங்களையே எரித்திருக்கிறார்கள். ஆனால் தான் செய்த பண்டத்தைப் பார்த்துத் தானே வயிறெரிந்து, அதைச் செய்தவனுக்கு அனுபவம் இல்லை என்று நிறைந்த மேசையில் தீர்ப்பும் சொன்னவனை நான் எந்த வரலாற்றிலும் படித்ததில்லை.

இத்தனைக்குப் பிறகும் வயிறெரிவது நிற்கவில்லை. கைநடுக்கம் என்று தெரிந்த பிறகும் நிற்கவில்லை. இதுதான் கேவலம். என்னோட சட்னி அது! என் அன்னாசி, என் சட்டை, புளிச்ச பழத்த வச்சுக்கிட்டு நான் செஞ்சது! அவ மூணு தடவை போட்டுக்கிட்டா. மூணு தடவை. யார் பேரைச் சொல்லி?

மே 9, வெள்ளி

மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

"அந்தச் சட்னி இருக்கில்ல..."

"அப்பா! இன்னுமா சித்தப்பா மேல பொறாமை?" சிரித்தாள்.

"பொறாமையா? எனக்கா?"

"இல்ல, எனக்கு. நகருங்க, அந்த ஸ்வெட்டர் மேல நிக்கறீங்க."

நகர்ந்தேன்.

அடுக்களையில் இவள் என் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். பையில் வட்டமாக மஞ்சள் கறை. "எப்போ தெரிஞ்சுது? துவைக்கறவ நான்தானே."

"எல்லாரும் சேந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க."

"நாங்க பாட்டிலத்தான் மாத்தினோம். மத்தது நீங்களாப் பேசினது." பிறகு சட்டையை வாளியில் போட்டுவிட்டு, "சொல்லணும்னா சொல்லுங்க, நான் தடுக்கல. பொண்ணு அடுத்த வாரம் ஊருக்குப் போயிடுவா. நீங்க மேலதான் இருக்கணும், அவரு கீழதான் இருக்கணும்" என்றாள்.

மே 13, செவ்வாய்

நாளை பயணம். மாலையில் சகலை மேலே வந்தார். இரண்டாவது ஜாடிச் சட்னியைப் பயணத்துக்கேற்ற சிறு பாட்டிலில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, கையில் ஒரு வெற்று லேபிளோடு. லேபிளை என் மேசையில் வைத்தார்.

"நீங்க எழுதிக் குடுங்க சகலை. உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்." சொல்லிவிட்டுத் தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்னன்னு எழுத?"

"'சித்தப்பா செய்தது'ன்னு போடுங்க. தேதியும் போடுங்க."

மகள் கதவருகில் நின்றாள். இவள் அவளுக்குப் பின்னால் நின்றாள். மற்றவர்கள் எழுதியதில் தப்பு இருந்தால் அடித்துத் திருத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

"ஏன் சகலை, இங்க் இல்லையா?"

"இருக்கு."

எழுதினேன். சித்தப்பா செய்தது. மார்ச் 9. தேதி சரிதான்.

அவர் லேபிளைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். காகிதம் படபடத்தது. "அன்னிக்குப் பொறுமை பத்தலன்னு சொன்னீங்களே, அது மனசுலயே இருக்கு. கிராம்பாவது சரியா இருந்துச்சா?"

"கிராம்பு சரியா இருந்துச்சு."

"நீங்க சொன்னதுதான். கைக்குத் தெரியும்னு."

லேபிளை நானே வாங்கி ஒட்டினேன். சுருக்கம் விழாமல் ஒட்டினேன்.

மே 14, புதன்

விமான நிலையத்தில் பெட்டியை எடை போட்டார்கள். அளவோடு இருந்தது. போய்விட்டாள்.

மே 20, செவ்வாய்

போன் வந்தது. இவளிடம் பேசினாள், என்னிடம் பேசினாள், பிறகு சித்தப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். போனை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அவர் நின்றுகொண்டே பேசினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க எரிச்சலாகத்தான் இருந்தது.

ஜூன் 28, சனி

அங்கே சட்னி தீர்ந்துவிட்டதாம். அலுவலகத்தில் எல்லோரும் கேட்கிறார்களாம். ஊரிலிருந்து போகிறவர் ஒருவரிடம் கொடுத்துவிடச் சித்தப்பாவுக்குச் செய்தி. சகலை நாளைக்கு அடுப்பு ஏற்றுகிறார்.

இன்று கடை திறக்கும்போதே போய்ப் புளிப்பான பழமாகப் பொறுக்கினேன். நீளவாக்கில் நறுக்கினேன். பச்சைக் கோட்டுச் சட்டையில் முடிச்சுக் கட்டி, அதை எடுக்காமலே விட்டேன். இரண்டு ஜாடி நிரம்பியது. மைத்துனி துணிப்பையோடு பின்படி வழியாக வந்து இரண்டையும் எடுத்துப் போனாள்.

சாப்பாட்டுக்கு இவள் கடையில் வாங்கிய ஜாம் வைத்தாள்.